ஜங்ஷனில் குண்டு போடுகிறேன் என்றவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள், பெரிய பத்திரிகைகளில் வேலை பார்த்தவர்கள் இருக்கும் சங்கத்தின் மலரில் புதிய நிருபர்களுக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறேன். செயலாளர் விடாமல் கேட்டார். மேடையில் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால்தான் ஒத்துக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வழக்கறிஞர்களும் போலீஸ்காரர்களும் மனு எழுத வந்தவர்களும் நின்று பேசிக்கொண்டிருக்கும் இடம் அது. நான் வாயைத் திறக்காமல் நகல் எடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளிதழின் ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, "நீ கேக்கறத அப்படியே எழுதிக் குடும்மா, போதும்" என்றார். அப்படித்தான் பகுதி நேர நிருபர் ஆனேன். கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காருவேன். கேள்வி கேட்கவே மாட்டேன். எல்லாரும் போன பிறகு நாற்காலி மடக்குகிறவரிடம் போய் விசாரிப்பேன். பாதிச் செய்திகள் எனக்கு அப்படிக் கிடைத்தவைதான். இடுப்பு வலி வந்து வண்டி ஓட்ட முடியாமல் போனதால் போன வருடம் வேலையை விட்டேன்.

மாடு முட்டியது, ஏரி உடைந்தது என்று எவ்வளவோ செய்திகள் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் இருந்த அவசரம் உங்களுக்கும் ஒருநாள் வரும்.

சுதந்திர தினம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வாரம். ரயில் நிலையத்தில் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கடையைத் திறந்ததும் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் ஆதார் அட்டை நகல் எடுக்க வந்தாள். பெயர் ஷமீமா. கணவனின் ஆதாரை நீட்டினாள். மனுவுக்கா என்று கேட்டேன்.

"ஆமாங்கக்கா. எங்க வூட்டுக்காரர காணோம்" என்றாள். பிறகு தானே திருத்திக்கொண்டாள். "காணோம்னு இல்ல. கூட்டிட்டுப் போயிட்டாங்க. நேத்து காலையில வெள்ள காரு வந்துது. அஞ்சு நிமிசம் விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்னு சொன்னாங்க. நான் சோறு வடிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கேன். ஸ்டேஷன்ல போயி கேட்டா, எங்ககிட்ட இல்லம்மா, எங்களுக்கே தெரியாதுன்றாங்க."

கணவன் பெயர் சாதிக். வளைகுடாவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, நம் ஊர் பீங்கான் பட்டறைகளில் சாமான் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம் செய்கிறவர். அவள் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். வியாபாரத்தில் அவனுக்கும் பங்கு உண்டு.

"எதுக்குப் புடிச்சாங்க?" என்றேன்.

அவள் போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டாள். சாதிக்கின் குரல் உற்சாகமாக இருந்தது.

"மச்சான், குண்டு ரெடியாயிருச்சு. நாளைக்கு சாயங்காலம் ஜங்ஷன்ல போட்டுடறேன். நீ பணத்த மட்டும் சீக்கிரம் அனுப்பு."

"இத என் தம்பிக்கு அனுப்பறதுக்கு பதிலா அவரு கூடப் படிச்சவங்க குரூப்புல போட்டுட்டாருக்கா. அதுல எவனோ ஒருத்தன் எங்கயோ அனுப்பிட்டான். இன்னொருத்தருதான் இத எனக்கு அனுப்பி விசயத்த சொன்னாரு" என்றாள் ஷமீமா.

வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். பீங்கான் பட்டறையில் கல்லையும் மண்ணையும் மாவாக அரைக்க ஒரு பெரிய உருளை சுற்றும். அதற்குள் எலுமிச்சம்பழம் அளவில் கெட்டியான பீங்கான் உருண்டைகளைப் போட்டிருப்பார்கள். அவை உருண்டு உருண்டுதான் கல் மாவாகும். அந்த உருண்டைக்கு எங்கள் வாயில் குண்டு என்றுதான் பெயர். பெயிண்ட் செய்யும் இடங்களிலும் அது வேண்டும். ஜங்ஷன் என்றால் எங்கள் ஊர் ரயில் நிலையம், அங்கிருந்து பார்சல் அனுப்புவதைப் போடுவது என்போம். ஆகவே சாதிக் சொன்னது முழுக்க முழுக்க வியாபாரப் பேச்சு. இந்த ஊரில் யார் கேட்டாலும் நின்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதே வாக்கியத்தை வேறு ஊர் அதிகாரி ஒருவர், சோதனை நடக்கும் வாரத்தில், அந்தப் பெயரோடும் வளைகுடாத் தொடர்போடும் சேர்த்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நானே எத்தனையோ தடவை போனில் குண்டு என்று பேசியிருக்கிறேன். என்னை யாரும் காரில் ஏற்றவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் போனில் வேறொரு நிருபர் போட்ட செய்தி வந்தது. 'ரயில் நிலையத்தைத் தகர்க்கச் சதியா? மங்கலம்பேட்டை வாலிபர் சிக்கினார். போலீஸ் வட்டாரம் தகவல்.' எங்கள் பதிப்பின் பொறுப்பாளரும் உடனே அழைத்தார். "எல்லாரும் போட்டுட்டாங்க. நம்மளுது எங்க?"

ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, சாதிக் என்று யாரையாவது விசாரிக்கிறீர்களா என்று கேட்டேன். தெரியாது என்று வைத்துவிட்டார்கள். பிறகு சாதிக் சரக்கு எடுத்த பட்டறைக்குப் போனேன். நாலு மூட்டைகள் சுவர் ஓரமாகத் தைத்து அடுக்கியிருந்தன. பேக்கிங் செய்கிற செல்வியக்காவிடம் இதில் என்ன என்று கேட்டேன்.

"குண்டுதான். வேற இன்னா? சாதிக் பாயி நேத்தே வந்து எடுக்கறேன்னாரு. ஆளையே காணோம்."

"அத வெச்சு ஜங்ஷன வெடிக்க வெக்கப் போறாருன்னு புடிச்சிட்டாங்களாம்க்கா."

செல்வியக்கா ஒரு குண்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினாள். "இத மேலேர்ந்து எவன் மண்டையிலயாவது போட்டாத்தான் உண்டு. அதுக்கும் நல்லா குறி பாக்கணும்."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "அதான் நேத்து ரெண்டு பேரு வந்து ரெண்டு குண்டு எடுத்துட்டுப் போனாங்களா? நாம புது பார்ட்டி, சாம்பிள் கேக்கறாங்கன்னு டீ எல்லாம் வாங்கிக் குடுத்தோமே." யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பட்டறைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கம்பெனி பேரு வேணாம்மா, உனக்குப் புண்ணியமா போவும்" என்றார். ஒரு குண்டை மட்டும் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பினால் எனக்குத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக எங்கள் கடையில் நகல் எடுக்கிறவர். அன்றைக்கு என் கண்ணைப் பார்க்கவில்லை. "அக்கா, வெளியூர்லேர்ந்து ஒரு சாரு வந்திருக்காரு. பயணியர் விடுதில இருக்காரு. காலையில ஸ்டேஷனுக்குப் போன் பண்ணது நீங்கதானேன்னு கேட்டாரு. கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

கைப்பையோடு அப்படியே அவர் வண்டியில் ஏறிப் போனேன்.

அந்த அதிகாரி மரியாதையானவர். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். டீ சொன்னார். பிறகு, "இந்த விஷயத்துல ஒரு வரி வரக்கூடாதும்மா. நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. ரகசியம்" என்றார்.

சரி சார் என்பது என் நாக்கு நுனியிலேயே எப்போதும் இருக்கும். அன்றைக்கும் வந்தது. ஆனால் ஷமீமா கடை வாசலில் ஆதார் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் கேட்டேன். கெட்டிக்காரத்தனமாக யோசித்துக் கேட்கவில்லை.

"எந்த விஷயம் சார் ரகசியம்?"

"எந்த விஷயம்னா?"

"அவரப் புடிச்சதா சார், அவரு எங்க இருக்காருங்கறதா, இல்ல அவரு சதி பண்ணாருங்கறதா? சதின்றது காலையிலேர்ந்து எல்லாரு போன்லயும் வந்துட்டுது சார். போலீஸ் வட்டாரம்னு போட்டிருக்குது."

"அத நான் குடுக்கல" என்றார்.

"யாரோ குடுத்திருக்காங்க சார். பாதி ரகசியம் வெளிய வந்துட்டுது. மீதிப் பாதியத்தான் அந்தப் பொண்ணு கேக்குது."

கைப்பையைத் திறந்து குண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அது உருண்டு போகப் பார்த்தது. அவரே கை வைத்துத் தடுத்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அதே மாதிரி இன்னொரு குண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் அந்த இரண்டு உருண்டைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அவனும் இதத்தான் சொல்றான்" என்றார். "ஒண்ண லேபுக்கு அனுப்பியிருக்கேன். பேப்பர் வராம நான் எப்படி விடறது? விட்டுட்டு நாளைக்கு எங்கயாவது ஒண்ணு வெடிச்சா, உங்க பத்திரிகைதான் என்னைக் கிழிக்கும். அப்ப நீங்க வந்து எனக்காகப் பேசுவீங்களா?"

அவர் சொன்னது நியாயம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எதிரில் இருப்பவர் எப்போதும் பொய்க்காரராக இருக்க மாட்டார். அவருக்கும் ஒரு பயம் இருக்கும்.

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு காரணம் இருக்குது. எழுத மாட்டீங்கன்னா சொல்றேன்."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ரகசியத்தைக் கேட்கும் ஆசையில் தலையாட்டிவிடுகிறோம். கேட்டு முடித்ததும், ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுத முடியாமல் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அன்றைக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"நீங்க சொல்றத எழுத மாட்டேன் சார். ஆனா அந்தப் பொண்ணு சொன்னதையும் நான் பட்டறையில பாத்ததையும் எழுதுவேன். இதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா சொல்லுங்க."

ரகசியச் சட்டம் என்று ஒன்று இருப்பது தெரியுமா என்று கேட்டார். பிளஸ் டூ வரைக்கும்தான் சார் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சொன்னார். அவர் வந்தது சாதிக்குக்காக அல்ல. வேறொருவனைத் தேடி. அது எந்த ஊர், எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொன்னார். தங்கள் குழு இந்தப் பக்கம் வந்திருப்பது தெரிந்தால் அவன் ஓடிவிடுவான். அதைக் கேட்டபோது, இது உண்மையிலேயே ரகசியமாக இருக்க வேண்டியது என்று எனக்கே பட்டது. இந்தக் கட்டுரையிலும் அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

வெளியே வந்து டெஸ்க்கில் இருந்த பையனுக்குப் போன் செய்து மூட்டை விஷயத்தைச் சொன்னேன். பையன் என்கிறேன், உதவி ஆசிரியர். என் மகள் வயது. கடைசிவரை நேரில் பார்த்ததே இல்லை. நான் எழுதக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். நான் நாலு பக்கம் அனுப்பினால் நாலு கேள்வி கேட்பார், செய்தி நாலு வரியாகிவிடும்.

"அக்கா, இங்க வெடிகுண்டுன்னு தலைப்பே போட்டு வெச்சிருக்காங்க. நீங்க சொல்லுங்க. மூட்டைய நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

"பாத்தேன் தம்பி. கையில எடுத்தேன். என் பையில ஒண்ணு இருந்துது. இப்ப போலீஸ்காரரு மேசையில இருக்குது."

"சதின்னு சொன்ன போலீஸ் வட்டாரத்துக்குப் பேரு இருக்குதா?"

"இல்ல. வந்த அதிகாரி நான் குடுக்கலன்றாரு."

"அப்ப நமக்குச் சதி கெடையாது. அவரு வேற இன்னா சொன்னாரு?"

"ஒண்ணு சொன்னாரு. அத உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா எவனாவது தலைப்புல வெச்சிடுவான்" என்றார். பிறகு கேட்டார். "இத எழுதினா யாருக்காவது ஆபத்தாக்கா? எழுதலன்னா யாருக்கு?"

எழுதாவிட்டால் யாருக்கு என்பது கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. எழுதினால் யாருக்கு என்று யோசித்தேன். வெளியூர்க் குழு, கார், விடுதி, தேடும் ஆள், இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் யாருக்கும் ஆபத்து இல்லை. மீதி இருந்தது இவ்வளவுதான்: ஒரு வியாபாரியை விசாரணைக்கு அழைத்துப்போனார்கள், ஒரு நாள் தாண்டியும் எங்கே என்று வீட்டுக்குச் சொல்லவில்லை, அவர் அனுப்ப இருந்தது அரவைக்கான பீங்கான் உருண்டை, அதை இந்த ஊரில் குண்டு என்பார்கள், போலீஸ் கருத்துச் சொல்ல மறுத்தது.

சாதிக்கின் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று நினைத்தேன். நாளைக்கு அவர் வெளியே வந்தாலும் ஊர் அந்தப் பெயரைக் குண்டோடு சேர்த்தே சொல்லும். ஷமீமாவிடம் அதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேரு போடுங்கக்கா. அவங்க வாலிபர்னு போட்டாங்க. யாரோ ஒரு வாலிபன் இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா. சாதிக்னு போட்டாத்தான் எங்கேன்னு கேக்க முடியும். அவருக்கு ஒரு வூடு இருக்குதுன்னு தெரியட்டும்."

அவள் சொன்னதுதான் சரி. பெயர் போட்டோம். டெஸ்க் பையன் பொறுப்பாளரோடு என்ன சண்டை போட்டார் என்று எனக்குத் தெரியாது. காலையில் எட்டாம் பக்கத்தில் 'மங்கலம்பேட்டை வியாபாரி எங்கே? மனைவி கேள்வி' என்று வந்தது. மற்ற பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் சதி வந்தது. அன்றைக்குக் காலையில் எனக்குத் தைரியமே இல்லை. நகல் எடுக்கத் தந்த பத்திரத்தைத் தலைகீழாக வைத்து ஐந்தாறு தாள்களை வீணாக்கினேன். அந்தச் சதிதான் உண்மையாக இருந்தால் என்ற ஒரு நினைப்பு வந்து வந்து போனது. குண்டைக் கையால் தொட்டவளுக்கே அந்த நினைப்பு வந்தது என்றால், தொடாதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

வழக்கறிஞர் ஒருவர் எங்கள் செய்தியை வெட்டி ஷமீமாவின் மனுவோடு இணைத்துக்கொண்டிருந்தார். அப்போது கான்ஸ்டபிள் வந்தார். இந்த முறை முகத்தைப் பார்த்தார். "அந்தம்மாவ ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கக்கா. கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போவச் சொல்றாரு."

செய்தி வந்ததால் விட்டார்களா, லேபிலிருந்து பேப்பர் வந்ததால் விட்டார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னால்தான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

நானும் ஷமீமாவோடு போனேன். அவள் கையெழுத்துப் போட்டதும் ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே புங்க மர நிழலில் நின்றோம். சாதிக் சட்டை கசங்கி, கையில் செருப்போடு வந்தார். யாரும் அடிக்கவில்லை என்று தூரத்திலேயே சொன்னார். அவள் அழவில்லை. அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"குண்டு போயிடுச்சா?"

"அந்த வார்த்தைய இனிமே எடுத்தீங்கன்னா நானே உள்ள கொண்டு போயி விட்டுடுவேன்" என்றாள் ஷமீமா. கேட்டில் நின்ற காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு இறங்கியது. இடுப்பு வலி தெரிந்தது. பசி தெரிந்தது. மூன்று பேரும் போய் பரோட்டா சாப்பிட்டோம். சாதிக் யாரையும் பணம் கொடுக்க விடவில்லை.

அதிகாரி தேடி வந்தவன் கிடைத்தானா என்று தெரியாது. சதி என்று எழுதியவர்கள் மறுப்பு எதுவும் போடவில்லை. அவர்களில் ஒருவர் பிறகு என்னிடம், "உங்களுக்கு எப்படிக்கா தோணுச்சு?" என்று கேட்டார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பட்டறைக்குப் போனேன், அவ்வளவுதான்.

ரகசியம் என்று ஒருவர் சொன்னால் உடனே முறைத்துக்கொள்ளாதீர்கள். உடனே சரி சார் என்றும் சொல்லாதீர்கள். எது என்று கேளுங்கள். மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சில சமயம் நிஜமாகவே மறைக்க வேண்டியது இருக்கும், அதை மறையுங்கள். மற்றதெல்லாம் யாரோ ஒருத்தி வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது. அது அவளுடையது. அதைப் பூட்டிவைக்க யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை என்னைவிடப் படித்தவர்கள் சொல்லட்டும்.

வெளியே வந்த மறுநாள் சாயங்காலம் சாதிக் நாலு மூட்டையையும் ஜங்ஷனில் பார்சல் போட்டார். என்ன சரக்கு என்று கேட்டதற்கு, பீங்கான் சாமான் என்று சொன்னாராம்.